டைனோஜெஸ்ட் 2 மி.கி. மாத்திரை: மூன்று மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும்

எண்டோமெட்ரியோசிஸுக்கு எழுதித் தரும் டைனோஜெஸ்ட் மாத்திரையை மூன்றாவது வாரத்திலேயே நிறுத்திவிடும் பெண்கள் நிறைய. "வலிக்குத்தான் வாங்கினேன், இப்போது தினமும் கறை படுகிறது" என்பதுதான் வழக்கமான புகார். கறை படும், சில மாதத்தில் அடங்கும் என்று மாத்திரையை எழுதிக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஏற்ற ஆளுக்கு, இடைவெளி விடாமல் கொடுத்தால் இது நல்ல மருந்து. குழந்தைக்கு முயன்றுகொண்டிருப்பவருக்குக் கொடுத்தாலோ, மாதம் 21 நாள் என்று கணக்குப் போட்டுச் சாப்பிட்டாலோ காசும் காலமும் வீண்.

முதலில் இது செய்யும் வேலை. கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும், அடிவயிற்றின் உள்ளுறையிலும், சிலருக்குக் குடல், சிறுநீர்ப்பை மேலும் ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் அதற்குத் தீனி. டைனோஜெஸ்ட் ஒரு புரோஜெஸ்டோஜன், அதாவது புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து. தினமும் 2 மி.கி. உள்ளே போனால் கருமுட்டை வெளியாவது நிற்கிறது, ஈஸ்ட்ரோஜன் மிதமாக இறங்குகிறது, ஒட்டி வளர்ந்த திசு மெல்ல வாடுகிறது. மாதவிடாய் நின்றவர் அளவுக்கு ஈஸ்ட்ரோஜன் வறண்டுபோவதில்லை என்பதுதான் இதன் சிறப்பு. நோயை வேரோடு பிடுங்கும் மருந்து இதுவல்ல, அடக்கி வைப்பது மட்டுமே. நிறுத்தினால் இரண்டு மாதத்துக்குள் பழைய சுழற்சி திரும்பும், பின்னாலேயே வலியும் வரலாம். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி இருந்தால் ஓரளவு சுருங்கும். ஆனால் ஐந்து சென்டிமீட்டர் கட்டி மாத்திரையிலேயே கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த மூலக்கூறு 1979-இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில், யேனாஃபார்ம் நிறுவனத்தில் உருவானது. எண்டோமெட்ரியோசிஸுக்கென்று முதலில் ஜப்பானில் 2008-இல் வந்தது. அங்கே ஒரு மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு இரண்டு. ஐரோப்பாவில் பேயர் நிறுவனத்தின் விசான், 2 மி.கி. ஒரே மாத்திரையாக வந்தது. சினைப்பையின் ஹார்மோன் சுரப்பை அடக்க மாதம் ஒருமுறை போடும் லூப்ரோலைட் 3.75 மி.கி. ஊசியோடு 24 வாரம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வலி குறைந்த அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். எலும்பில்தான் வித்தியாசம் தெரிந்தது: ஊசி போட்டவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறைந்தது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் குறையவில்லை. உடம்பு கொதிக்கும் தொல்லையும் மாத்திரையில் குறைவு. வருடக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்துக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

மருந்துக்கடையில் வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். "டைனோஜெஸ்ட் 2 மி.கி." என்று மட்டும் இருக்க வேண்டும். எத்தினைல் ஈஸ்ட்ராடையாலோ ஈஸ்ட்ராடையால் வாலரேட்டோ சேர்ந்திருந்தால் அது கருத்தடை மாத்திரை, வேறு சரக்கு. இந்தியாவில் பல நிறுவனங்கள் இதைப் போடுகின்றன, விலையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விலை குறைந்த பொதுப்பெயர் (ஜெனரிக்) மாத்திரைக்கு மாறலாம், அளவு அதேதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மாத்திரை அட்டை என்றால் மாதத்துக்கு மூன்று அட்டை. கடைசி அட்டை பாதியானதுமே அடுத்ததை வாங்கி வைப்பது நல்லது. கேட்ட அன்றே எல்லாக் கடையிலும் கிடைக்காத மாத்திரை இது, ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துபோனால் அலைய வேண்டிவரும்.

சாப்பிடும் முறை எளிது, ஆனால் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எந்த நாளிலும் தொடங்கலாம், மாதவிடாய்க்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும். தினமும் ஒன்று, ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன்போ பின்போ. ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த நாள் அடுத்த மாத்திரை. மாதவிடாயைத் தள்ளிப்போடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையும், 21 நாள் சாப்பிட்டு ஏழு நாள் விடும் கருத்தடை மாத்திரையும் நம் வீடுகளில் பழகிப்போனவை. அந்தப் பழக்கத்தில் இதற்கும் ஏழு நாள் விடுமுறை கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஏழு நாளில் சினைப்பை விழித்துக்கொள்ளும், கசிவு கூடும், வலியும் திரும்பும். உடம்பில் இருக்கும் மருந்து பத்து மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும் என்பதால் ஒரு வேளை தவறினாலே கறை படலாம். மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் ஒன்று, மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று. சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால் இன்னொன்று சாப்பிட வேண்டும்.

இனி அந்தக் கசிவு. முதல் 90 நாளில் நீண்ட நாள் ரத்தம் படுவது நூற்றில் 38 பேருக்கு. அதே கணக்கு நான்காவது 90 நாளில் நூற்றில் 4 பேராகக் குறைந்தது. மாதவிடாய் முற்றிலும் நின்றவர்கள் தொடக்கத்தில் 2 சதவீதம்கூட இல்லை, வருட முடிவில் 28 சதவீதம். ஒழுங்கற்ற கசிவு மட்டும் மெதுவாகத்தான் குறைகிறது, 35-லிருந்து 21 சதவீதம். ஆக, முதல் மூன்று மாதத்துக்குப் பையில் நாப்கின் இருக்கட்டும், எந்த நாளில் எவ்வளவு பட்டது, வலி பத்துக்கு எத்தனை என்று காலண்டரில் குறித்து வையுங்கள். கறை மட்டும் என்றால் பொறுக்கலாம். கட்டிகட்டியாக, நாள் கணக்கில் கொட்டினால் பொறுக்கக் கூடாது. அடினோமயோசிஸோ (இதே போன்ற திசு கருப்பைத் தசைக்குள் வளர்வது) ஃபைப்ராய்டு கட்டியோ கூடவே இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையில் ரத்தப்போக்கு கூடலாம். ஹீமோகுளோபின் இறங்கும் வரை "பழகிவிடும்" என்று காத்திருப்பது ஆபத்து. தொடங்கும் முன்பே ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்து வைத்தால் பிறகு ஒப்பிட வசதி.

மற்ற தொல்லைகளில் தலைவலி முதலிடம், நூற்றில் ஒன்பது பேருக்கு. மார்பு வலி, முகப்பரு, மனச்சோர்வு ஒவ்வொன்றும் நூற்றில் ஐந்து பேர் கணக்கு. இதில் மனச்சோர்வை வீட்டில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். முன்பு மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டவர் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். காரணமில்லாமல் அழுகையும் விரக்தியும் கூடினால் மாத்திரையைத் தொடரலாமா என்று அந்த வாரமே கேட்க வேண்டும். கர்ப்பகாலத்தில் முகத்தில் மங்கு வந்தவர்கள் வெயிலைத் தவிர்க்கட்டும். மாத்திரை சாப்பிடும் காலத்தில் ஸ்கேனில் புதிதாகச் சிறு நீர்க்கட்டி தெரிந்தால் நோய் முற்றிவிட்டது என்று பதற வேண்டாம். இந்த மருந்தில் அப்படி வருவதுண்டு, பெரும்பாலும் தானே போய்விடும்.

18 வயதுக்குள் இருக்கும் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு உரம் ஏறும் வயது அது. கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டும். அதற்காக, மாதாமாதம் பள்ளிக்கு லீவு போட்டுச் சுருண்டு படுக்கும் பிள்ளையை "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று விட்டுவைப்பது மகா கொடுமை.

நாளத்தில் ரத்தக்கட்டு, இதய நோய், பக்கவாதம், கடுமையான கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இவற்றில் ஏதேனும் இருந்தால் இது கூடாது. பால் கொடுக்கும் தாய்மாருக்கும் வேண்டாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின் அல்லது கார்பமாசெபின் சாப்பிட்டால் கல்லீரல் இந்த மாத்திரையை வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும், பலன் இருக்காது. பூஞ்சைக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல் மாத்திரை நேர் எதிர், ரத்தத்தில் டைனோஜெஸ்ட்டை மூன்று மடங்கு அளவுக்கு ஏற்றிவிடும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த அட்டையையும் காட்டுங்கள்.

கருமுட்டை வெளிவருவதைத் தடுத்தாலும் இதைக் கருத்தடை மருந்தாக நம்பக் கூடாது, அந்த உபயோகத்துக்கு அனுமதி பெற்றதல்ல. ஆணுறையோ காப்பர்-டியோ கூடவே வேண்டும். மறுபுறம், குழந்தை வேண்டும் என்று வருகிறவருக்கு "ஆறு மாதம் இதைச் சாப்பிட்டு நோயை அடக்கிவிட்டு முயலலாம்" என்று எழுதுவது பலனில்லாத வேலை. இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்ட இப்படி ஹார்மோனை அடக்கும் சிகிச்சை தர வேண்டாம் என்று 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. 36 வயதில் ஆறு மாதம் என்பது சிறிய காலமா? அங்கே அறுவை சிகிச்சையா, கருத்தரிப்புச் சிகிச்சையா என்பதுதான் பேச்சு.

அதே வழிகாட்டி இன்னொன்றும் சொல்கிறது: மாத்திரை தொடங்க, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்து நோயை நிரூபித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதவிடாயின்போது கடும் வலி, உறவின்போது ஆழத்தில் வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி என்று இருந்தால், ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் சிகிச்சையைத் தொடங்கலாம். லேப்ராஸ்கோப்பி முடிந்தவர்களுக்கும், உடனே குழந்தை வேண்டாம் என்றால், வலி திரும்பாமலிருக்க இது பயன்படும்.

முதல் வாரங்களில் மாத்திரை முழு வேலை செய்யாது என்பதால் வலிக்கு ஐபுப்ரோஃபென் அல்லது மெஃபெனமிக் அமிலம் வேண்டியிருக்கும். வெறும் வயிற்றில் கூடாது, சாப்பிட்ட பிறகுதான். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுக்கத் தடையில்லை.

தினமும் நினைவு வைக்க முடியாதவர்களுக்கு 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஹார்மோன் உள்ள, கருப்பைக்குள் வைக்கும் சாதனம் நல்ல மாற்று, கருத்தடையும் சேர்ந்து கிடைக்கும். கருத்தடையும் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் சாதாரணக் கருத்தடை மாத்திரையையே இடைவெளியில்லாமல் சாப்பிடும் வழியும் உண்டு. ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டும் காலண்டரில் வலி எண் இறங்கவில்லை என்றால் அதே அட்டையை மீண்டும் மீண்டும் வாங்காதீர்கள். குடலில் ஆழமாக ஊன்றிய நோய் இருக்கிறதா என்று இத்துறையில் பழகியவர் செய்யும் உள்வழி (பிறப்புறுப்பு வழி) ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது அந்தக் காலண்டரையும் கையோடு கொண்டு போங்கள்.