வாய்விட்டுப் பேச விடுவதா, கொப்பியில் எழுத விடுவதா?

வவுனியா, மன்னார்ப் பக்கத்து வகுப்புகளில் சைவமும் கத்தோலிக்கமும் இஸ்லாமும் ஒரே வாங்கில் இருக்கும். சமய பாடத்துக்குப் பிரிகிற பிள்ளைகள் குடியியற் கல்விக்கு ஒன்றாக வருவார்கள். அப்போது ஒரு பிள்ளை, "வேள்வியில் (கோயில் பலிச் சடங்கில்) கடா வெட்டலாமா?" என்று கேட்டால்? விவாதமா, எழுத்தா?

நேரம்: விவாதத்துக்கு ஒரு பாடவேளை போதாது. எழுத்துக்குப் போதும், திருத்துவதுதான் ஆசிரியருக்கு வீட்டுவேலை.

வாய்ப்பு: விவாதத்தில் வாயுள்ள பிள்ளை பிழைக்கும். எழுத்தில் கடைசி வாங்கும் கருத்துச் சொல்லும்.

மனம் நோதல்: இங்கேதான் சிக்கல். கடாவில் தொடங்கிய பேச்சு முஸ்லிம்கள் ஹஜ் பெருநாளில் கொடுக்கும் பலியான குர்பானிக்குத் தாவ அதிக நேரம் ஆகாது. யாராவது சிரித்துவிட்டால் பின்னேரம் பெற்றோர் அதிபர் அறை வாசலில். எழுத்தில் அந்தச் சொல் ஆசிரியரோடு நின்றுவிடும். ஆனால் மறுத்துப் பேசவும் ஆளில்லை, அது பெரிய குறை.

சட்டம்: இரண்டுக்கும் ஒன்றே. இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமை தருகிறது. இன, சமய இணக்கத்துக்காக அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்த 15ஆவது இடம்விடுகிறது. 10ஆவது தரும் சிந்தனைச் சுதந்திரத்துக்கு அந்தக் கட்டு இல்லை.

ஆண்டுத் தொடக்கம், பழகாத வகுப்பு என்றால் எழுத்து. பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் விவாதம்தான் என் தெரிவு. அவரவர் தம் சமய வழக்கத்தை மட்டும் விமர்சிக்கலாம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.