ஜின்செங் வளர்ப்பு: நிழல்வலையா, காட்டுப் பாத்தியா, சருகுக்கு அடியிலா?

மருந்து வேருக்காக வளர்க்கும் அமெரிக்க ஜின்செங் ஒரே செடிதான், ஒரே விதைதான். ஆனால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலப் பண்ணையில் நிழல்வலைக்குக் கீழ் விளைந்த காய்ந்த வேர் பவுண்டுக்குச் சில பத்து டாலருக்குப் போகிறது; கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காட்டு வேருக்குப் பல நூறு டாலர் கொடுக்கிறார்கள். வாங்குபவர் முதலில் பார்ப்பது தோற்றத்தைத்தான். பண்ணை வேர் வெளுத்து, கேரட்டைப் போலப் பருத்து, வழவழப்பாக இருக்கும். காட்டு வேர் சிறுத்து, கவைவிட்டு, தோலில் நெருக்கமான வளையங்களோடும் நீண்ட கழுத்தோடும் (வேருக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட பகுதி) இருக்கும். உரத்தில் வேகமாகப் பருத்ததா, கல்லோடும் மர வேரோடும் மல்லுக்கட்டி மெல்ல வளர்ந்ததா என்பதைத் தோலே காட்டிக்கொடுத்துவிடும். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியைப் பெரும்பாலும் இந்தத் தோல்தான் தீர்மானிக்கிறது.

நிழல்வலைப் பண்ணை

விஸ்கான்சினின் மாரத்தான் கவுண்டியைச் சுற்றித்தான் அமெரிக்கப் பண்ணை ஜின்செங்கில் மிகப் பெரும்பகுதி விளைகிறது. ஃபிராம் சகோதரர்கள் 1904-இலேயே அங்கே இதைப் பயிரிடத் தொடங்கிவிட்டார்கள். திறந்த நிலத்தை உழுது, மேட்டுப்பாத்தி எடுத்து, ஆள் உயரத்துக்கு மேல் தூண் நட்டு, வெயிலில் முக்கால் பங்கை மறைக்கும் வலையை விரித்து, வைக்கோல் மூடாக்குப் போடுவார்கள். ஏக்கருக்கு 100 பவுண்ட் அளவில் விதை பிடிக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் அறுவடை.

காசு சீக்கிரம் வருவது உண்மை. ஆனால் செடிக்குச் செடி இடித்துக்கொண்டு நிற்கும் பாத்தியில், மழை பிடித்தால் ஆல்டர்னேரியா இலைக்கருகல் வரிசை வரிசையாகப் பரவும். தண்ணீர் தேங்கினால் ஃபைட்டோப்தோரா வேரழுகல். அதனால் பருவம் முழுக்கப் பூஞ்சாணக்கொல்லி தெளிக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது: ஒருமுறை ஜின்செங் எடுத்த நிலத்தில் பல ஆண்டுகள் கழித்து மறுபடி போட்டாலும் வேர் அழுகும். ஆகவே பண்ணைக்காரர் புது நிலம் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இது டிராக்டர், தெளிப்பான், ஆள்பலம் உள்ளவர்களின் தொழில். வீட்டுக்குப் பின்னால் நாலு ஏக்கர் காடு வைத்திருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டோம்.

காட்டுப் பாத்தி

மரநிழலை அப்படியே வைத்துக்கொண்டு, புதர்களை வெட்டி, மண்ணைக் கொத்தி, ஐந்தடி அகலப் பாத்தி போடுவது இரண்டாவது முறை. வேர் எடுக்க ஆறு முதல் ஒன்பது ஆண்டு ஆகும். நிழல்வலைச் செலவு மிச்சம் என்பதால் பலரும் ஆசையோடு இதில் இறங்குகிறார்கள். ஆனால் கொத்திப் பொலபொலப்பாக்கிய மண்ணில் வேர் தடையின்றி இறங்கி வழவழப்பாகிவிடுகிறது. நெருக்கி விதைப்பதால் பண்ணை நோய்களும் கூடவே வந்துவிடுகின்றன. அத்தனை ஆண்டு காத்திருந்தும் விலை பண்ணை வேருக்கும் காட்டு வேருக்கும் நடுவில்தான் நிற்கும். விதைக்காகவோ, நாற்று விற்கவோ, கண்பார்வையில் ஒரு தாய்ப்பாத்தி வேண்டும் என்றால் மட்டும் சிறிதாகப் போடலாம்.

சருகுக்கு அடியில்

மூன்றாவது முறையில் உழவு இல்லை, உரம் இல்லை, மருந்து இல்லை. காடு எப்படி வளர்க்குமோ அப்படியே விட்டு, எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பது. உழைப்பு குறைவு; இடத் தேர்வில் தவறினால் மீட்சியும் இல்லை. அதனால் விதை வாங்கும் முன் ஒரு கோடைக்காலம் முழுக்கக் காட்டைப் பார்ப்பது வீண்போகாது.

வடக்கு அல்லது கிழக்கு நோக்கிய சரிவு வேண்டும். 70–80 சதவீத நிழல், தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் வடிகால். மேலே சுகர் மேப்பிள், துலிப் போப்ளர், பாஸ்வுட் போன்ற மரங்கள். கீழே பிளாக் கோஹோஷ், பிளட்ரூட், டிரில்லியம், மெய்டன்ஹேர் பெரணி, ராட்டில்ஸ்நேக் பெரணி போன்ற நிழல்செடிகள். இவை கூட்டமாகத் தெரிந்தால் அந்த மண்ணில் சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு இருக்க வாய்ப்பு அதிகம். பைன், புளூபெர்ரி, மவுண்டன் லாரல் மண்டிய இடம் அமிலம் கூடியது, விட்டுவிடுங்கள். மண் பரிசோதனையில் அமிலநிலை (pH) 5-க்கும் 6-க்கும் இடையில் இருந்து கால்சியம் மட்டும் குறைந்தால், 100 சதுர அடிக்கு 5 பவுண்ட் ஜிப்சம் தூவலாம். அது அமிலநிலையை மாற்றாமல் கால்சியத்தை மட்டும் ஏற்றும்.

விதையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பழத்திலிருந்து எடுத்த விதை அடுத்த வசந்தத்தில் முளைக்காது. அதற்கடுத்த வசந்தத்தில்தான் முளைக்கும். ஏனென்றால் உள்ளே கரு இன்னும் வளர்ந்திருக்காது. ஒரு கோடையும் அதைச் சூழ்ந்த இரண்டு குளிர்காலங்களும் அதற்குத் தேவை. அதனால் ஈரமணலில் ஏறக்குறைய ஓர் ஆண்டு பதப்படுத்தி, ஓட்டின் விளிம்பு வாய்பிளக்கத் தொடங்கிய விதையாகக் கேட்டு வாங்க வேண்டும். விதைக்கும்வரை ஒரு நாள்கூட உலர விடக்கூடாது.

இலையுதிர்காலத்தில், மண் உறைவதற்கு முன் விதைப்பு. சரிவில் மேலிருந்து கீழாக ஐந்தடிப் பட்டை பிடித்து, சருகை மண் தெரியும்வரை வாருங்கள். சதுர அடிக்கு நான்கு ஐந்து விதை தூவுங்கள். ஒரு பவுண்டில் ஏறத்தாழ 7,000 விதை இருக்கும். ஆயிரம் சதுர அடிக்கு முக்கால் பவுண்டுக்குள் போதும். அரை அங்குல மண் மூடும்படி கிளறி, மேலே நடந்து மிதித்துவிட்டு, அடுத்த பட்டைச் சருகை இதன் மேல் ஓரிரண்டு அங்குலம் பரப்புங்கள். ஓக் இலை தடிமனாகப் படிந்தால் நாற்று அதைக் குத்திக்கொண்டு மேலே வர முடியாமல் செத்துவிடும். எலி, நத்தை, காட்டு வான்கோழி, மான் எல்லாவற்றுக்கும் பங்கு போய், கடைசியில் சதுர அடிக்கு ஒரு செடி நின்றால் அதுதான் சரியான நெருக்கம். மிஞ்சியவை அதிகமாக இருந்தால் பிடுங்கி நகர்த்துங்கள். நெருக்கமே நோய்க்கு வாசல்.

எது ஜின்செங், எது இல்லை

தரையிலிருந்து ஒற்றைத் தண்டு. அதன் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து எல்லாக் கூட்டிலைகளும் விரியும். ஒவ்வொரு கூட்டிலையிலும் ஐந்து சிற்றிலை: மூன்று பெரியவை, காம்பருகே இரண்டு சிறியவை. அதே புள்ளியின் நடுவிலிருந்து ஒரே ஒரு பூங்கொத்து எழும்பும். ஆகஸ்ட் இறுதி, செப்டம்பரில் சிவந்த பழம். முதலாண்டு நாற்று மூன்று சிற்றிலையோடு ஸ்ட்ராபெரி இலை மாதிரி இருப்பதால் களையென்று பிடுங்கிவிடுபவர்கள் உண்டு.

அதிகம் ஏமாற்றுவது வர்ஜினியா கிரீப்பர். அதற்கும் ஐந்து சிற்றிலை உண்டு, ஆனால் அது கொடி. தண்டைத் தரையோடு தொட்டுக்கொண்டே போனால் மாறி மாறி இலைகளும் பற்றுச்சுருளும் அகப்படும், பழம் கருநீலம். வைல்டு சார்சபரில்லாவில் சிற்றிலைகள் ஒரு புள்ளியிலிருந்து விரியாமல் காம்பு நெடுக அமைந்திருக்கும். பூத்தண்டும் இலைக்காம்பிலிருந்து வராமல் தரையிலிருந்து தனியாக எழும். குட்டி ஜின்செங் (dwarf ginseng) என்பது வேறு இனம்: சாணுக்கு மிஞ்சாத உயரம், சிற்றிலைகளுக்குக் காம்பு இருக்காது. வசந்தத்தில் பூத்து, கோடை நடுவிலேயே மறைந்துவிடும்.

காட்டில் தானாக முளைத்ததைத் தோண்டினால் என்ன?

செலவில்லாத வழி என்று நினைத்துப் பலர் கேட்பது இது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து சீனாவுக்குத் தோண்டி அனுப்பியே பல மலைகள் வெறுமையாயின. 1975 முதல் இந்தச் செடி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதிக்குக் காட்டு வேர் ஐந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். கழுத்தில் ஆண்டுக்கு ஒரு தண்டுத் தழும்பு விழும்; நான்கு தழும்பு என்றால் ஐந்து வயது. கழுத்து ஒடிந்தால் வயதுக்கான சாட்சியே போய்விடும், ஆகையால் வேரை இழுக்காமல் சுற்றிலும் அகலமாகத் தோண்ட வேண்டும். பல மாநிலங்களில் செப்டம்பர் 1-க்கு முன் தொடக்கூடாது. பழுத்த விதையை அதே இடத்தில் புதைத்துவிட்டுத்தான் வர வேண்டும். வட கரோலினாவின் நான்டஹாலா, பிஸ்கா தேசியக் காடுகளில் 2021-இல் அனுமதி வழங்குவதையே நிறுத்திவிட்டார்கள். கனடாவில் காட்டுச் செடியைத் தொடவே கூடாது. மெல்ல வளர்ந்து, பல ஆண்டு கழித்தே பழுக்கும் செடிக்கு இந்தக் கெடுபிடி தேவைதான். வேர் வேண்டும் என்பவர் விதைத்து எடுப்பதே முறை.

எடுத்த வேரைத் தேய்த்துக் கழுவக் கூடாது. வளையங்களில் கொஞ்சம் மண் தங்கட்டும், அதுவே காட்டு வேரின் அடையாளம். குழாய்த் தண்ணீரில் அலசி, வலைத்தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் காயவையுங்கள். அடுப்புச் சூட்டில் அவசரப்படுத்தினால் வெளியே கெட்டியாகி உள்ளே நிறம் மாறும். புழுக்கமான அறையில் பூஞ்சாணம் பிடிக்கும். மூன்று பவுண்ட் பச்சை வேர் ஒரு பவுண்ட் அளவுக்கு இறங்கும். தடித்த வேர் ஒன்றை எடுத்து முறித்துப் பாருங்கள்: டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, தட்டிலேயே விட்டுவிடுங்கள்.