மேல்மலைக்கு எது சரி: எக்ஸ்பல்ஸின் சொந்த சஸ்பென்ஷனா, நீள டிராவலா?

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை தாண்டி மன்னவனூர், கூக்கால் பக்கத் தோட்ட ஜீப் ரோடுகளில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ஓட்டுகிறவருக்கு இரண்டு வழி இருக்கிறது. வண்டியோடு வந்த சஸ்பென்ஷனைத் தன் எடைக்கும் பாதைக்கும் ஏற்பத் திருத்திக்கொள்வது ஒன்று. நீள டிராவல், அதாவது சஸ்பென்ஷன் அமுங்கி எழும் தூரம் அதிகம் உள்ள 4வி ப்ரோவுக்கோ (அதே வண்டியின் கரடுமுரடான பாதைக்கான வகை), ராலி கிட்டுக்கோ (சஸ்பென்ஷனை மாற்றிக்கொள்ளும் உதிரித் தொகுப்பு) போய்விடுவது இன்னொன்று. மேல்மலைக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்மலைப் பக்கம் வந்தால் என் பதில் கொஞ்சம் மாறும்.

சாதா 4வி-யில் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்கள்) 190 மி.மீ., பின் சக்கரம் 170 மி.மீ. வரை அமுங்கி எழும். தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி. சீட் உயரம் 825. ப்ரோவில் முன்னே 250, பின்னே 220, தரை இடைவெளி 270, சீட் 891. பார்த்ததும் ப்ரோதான் ஜெயித்தது போலத் தோன்றும். ஆனால் கடைசி எண்ணைக் கவனியுங்கள். சீட் 66 மி.மீ. ஏறியிருக்கிறது. மழை அரித்த பாதையில், ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சரிவு என்று இருக்கும்போது வண்டி நின்றுவிட்டால் கால் உடனே தரைக்குப் போக வேண்டும். ஐந்தரை அடிக்காரருக்கு அங்கே பெருவிரல் மட்டும் தொட்டால் போதாது. மேல்மலைத் தோட்டப் பாதையில் விழுகிறவர்களில் பலர் வேகத்தில் விழுவதில்லை, நின்ற இடத்தில்தான் சாய்கிறார்கள்.

நீள டிராவல் உதவுவது வேகத்தில்தான். வேகம் இரட்டித்தால் சஸ்பென்ஷன் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும் பாதையில் 190 மி.மீ.யே பெரும்பாலும் முழுசாகச் செலவாகாது. சந்தேகமாக இருந்தால் ஃபோர்க்கின் ரப்பர் உறையை மேலே ஏற்றிவிட்டு, குழாயைச் சுற்றி ஒரு ஜிப் டை கட்டி ஓட்டிப் பாருங்கள். அது எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவுதான் நீங்கள் பயன்படுத்திய டிராவல்.

சரி, சொந்த சஸ்பென்ஷனை எப்படித் திருத்துவது? பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பின்னால் உள்ள மோனோஷாக்கில் (ஒற்றை ஷாக் அப்சார்பர்) பத்துப் படி பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் வசதி, இருக்கிறது. அதை இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. பிரீலோடு வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றும், ஸ்பிரிங்கின் பலம் அப்படியே இருக்கும்.

அளவு எடுப்பது சுலபம். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆக்ஸிலுக்கும் நேர் மேலே ஃபெண்டரில் வைத்த குறிக்கும் இடையே அளக்க வேண்டும். அப்புறம் வண்டியைத் தரையில் நிறுத்தி ஒருமுறை. கடைசியாக ஹெல்மெட், பை எல்லாம் போட்டுக்கொண்டு நீங்கள் ஏறி உட்கார, இன்னொருவர் ஒருமுறை. ஆள் ஏறியதும் மொத்த டிராவலில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 மி.மீ. சுமார், அமுங்கினால் நல்லது. அதற்கு மேல் போனால் பிரீலோடு ஏற்றுங்கள். அதைச் சரிசெய்தபின் ஆள் இல்லாத வண்டி தன் எடையில் அமுங்குகிறதா என்று பாருங்கள். கிட்டத்தட்ட அமுங்கவே இல்லை என்றால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் மெலிசு. எவ்வளவு இறுக்கினாலும் தீராது, கனமான ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும். பின்னால் ஒரு மூட்டை பூண்டு கட்டுகிறவர் மூட்டையோடுதான் அளக்க வேண்டும். இறக்கியதும் பழைய படிக்குத் திருப்பவும் வேண்டும். சி ஸ்பேனர் ஒன்று பையில் இருக்கட்டும்.

முன் ஃபோர்க்கில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லாததால் ஆயில்தான் வழி. ஆயில் மட்டத்தை உயர்த்தினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, கடைசிப் பகுதியில் ஃபோர்க் விறைத்து, அடிவரை போய்த் தட்டுவது குறையும். பத்துப் பத்து மி.மீ.யாக ஏற்றிப் பார்க்கலாம். கெட்டி ஆயில் ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அமுங்குவதையும் எழுவதையும் சேர்த்தே மந்தமாக்கும். மேல்மலைக் குளிரில் காலையில் ஆயில் தானாகவே கெட்டிப்படுகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அதனால் ஃபோர்க்குக்குள் அடைபட்ட காற்றும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கீழே ஒர்க்‌ஷாப்பில் மெத்தென்று இருந்த ஃபோர்க் மேலே கையைக் குத்துவது இதனால்தான். திருத்தும் வேலையை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் காற்றையும் நான்கைந்து பி.எஸ்.ஐ. குறைக்கலாம். ட்யூப் டயர் என்பதால் அதற்குக் கீழே போனால் கல்லில் ட்யூப் கடிபடும்.

கீழ்மலையில் கதை வேறு. காபித் தோட்டத்துப் பாதைகளில் கல் தொடர்ச்சியாக வரும், ஆனால் ஏற்றம் அவ்வளவு செங்குத்து இல்லாத நீட்டங்களும் கிடைக்கும், வேகம் தானாக ஏறும். அங்கே ஒரு கல்லில் அமுங்கிய ஃபோர்க் முழுசாக எழுவதற்குள் அடுத்த கல் வந்துவிடுகிறது. நாலைந்து கல்லில் டிராவல் தீர்ந்து, ஹேண்டில் கையை உதறும். இதற்கு மருந்து ரீபவுண்டை, அதாவது அமுங்கியது எழும்போது உள்ள தடையை, குறைத்து, ஃபோர்க்கைச் சீக்கிரம் எழவிடுவது. சாதா 4வி-யில் அதற்குத் திருகு கிடையாது, ப்ரோவில் இருக்கிறது. ப்ரோவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, என் பார்வையில், அந்த 60 மி.மீ.க்கு அல்ல, இந்தத் திருகுகளுக்குத்தான். உயரமான ஆளாக இருந்து, அந்தப் பாதையில் அடிக்கடி வேகமாகப் போகிறவர் என்றால் தயங்காமல் ப்ரோ வாங்கலாம்.

இரண்டுக்கும் நடுவே, எடைக்கேற்ற ஸ்பிரிங் மட்டும் மாற்றுவதும் உண்டு. கனமான ஆளுக்கும், எப்போதும் சுமையோடு போகிறவருக்கும் இதுவே போதும். சீட் உயராது, செலவும் குறைவு.

எந்த வண்டியானாலும் தோட்டக்காரரின் அனுமதியோடு தோட்டப் பாதையில் மட்டும் ஓட்டுங்கள். கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. சோலையும் புல்வெளியும் டயர் தடம் பட்டால் எளிதில் ஆறாத நிலம்.

ப்ரோ எடுத்தவர் முதல் நாளே ரீபவுண்டு திருகை மெல்ல முழுசாக மூடி, எத்தனை கிளிக் வந்தது என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி அதே இடத்துக்குத் திறந்து வையுங்கள். பிறகு ஒரே பாதையில், ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும், இரண்டிரண்டு கிளிக்காக மாற்றிப் பாருங்கள்.