வெம்ப்ளியா, புடோக்கானா?

ராக் இசையை ஒலிப்பதிவுகளின் வழியாகவே அறிந்த ரசிகருக்கு, லண்டனின் பழைய வெம்ப்ளியும் டோக்கியோவின் நிப்பான் புடோக்கானும் நன்கு பழகிய பெயர்கள். முன்னது 1923-இல் கால்பந்துக்குத் திறக்கப்பட்ட திறந்தவெளி அரங்கம். பின்னது 1964 ஒலிம்பிக் ஜூடோவுக்காக எழுப்பப்பட்ட, கூரையிட்ட எண்கோண அரங்கம். இவற்றுள் எதன் கச்சேரி சிறந்தது என்பதை மேடையைவிடக் கூட்டமே தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

கூட்டத்தின் குணம் விளையாட்டிலேயே தெரிந்துவிட்டது. 1964-இல் எடை வரம்பற்ற பிரிவின் இறுதியில் ஜப்பானின் அகியோ காமினாகாவைத் தரையோடு அழுத்திப் பிடித்து வென்ற நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க், உற்சாகத்தில் ஓடிவந்த தம் நாட்டவரைக் கையை உயர்த்தித் தடுத்து நிறுத்தினார். வெம்ப்ளியிலோ, 1966 உலகக் கோப்பை இறுதியில் ஆட்டம் முடியும் முன்பே ரசிகர்கள் சிலர் களத்துக்குள் இறங்கிவிட, இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் தமது மூன்றாவது கோலை அடித்து 4-2 என்ற கணக்கில் மேற்கு ஜெர்மனியை வீழ்த்தினார்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு பீட்டில்ஸ் குழு புடோக்கானில் பாடியது. தற்காப்புக் கலைகளுக்கான இடத்தில் ராக் இசையா என்ற எதிர்ப்பும் போலீஸ் காவலும் இருந்ததால் ரசிகர்கள் இருக்கையை விட்டு எழவில்லை. குரல்கள் பிசகும் இடங்கள்கூட அந்தப் பதிவில் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் புடோக்கான் என்றாலே அமைதி என்று எண்ணிவிடக் கூடாது. 1978-இல் அமெரிக்க ராக் குழுவான சீப் ட்ரிக் அங்கே பதிவுசெய்த தொகுப்பில், பாடகர் ஒரு சொல்லை முடிக்கும் முன்பே ரசிகைகள் அதைத் தாளம் தவறாமல் திருப்பிப் பாடுகிறார்கள். ஜப்பானுக்காக மட்டும் திட்டமிடப்பட்ட அந்தத் தொகுப்புதான், இறக்குமதிப் பிரதிகளாகப் பரவி, குழுவை அமெரிக்காவிலேயே புகழுக்குக் கொண்டுவந்தது.

1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி வேறு ரகம். ஏறத்தாழ 72,000 பேர் கூடியிருக்க, குயின் குழு சுமார் 20 நிமிடங்களில் அரங்கைத் தன்வசமாக்கியது. ஒலி 100 மீட்டரைக் கடக்கச் சுமார் 0.3 வினாடி ஆகும் என்பதால், தலைக்கு மேல் கைகளைத் தட்டும் பகுதியில் முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே அலை ஓடுவதைக் காணொளியில் பார்க்கலாம். அது கண்கொள்ளாக் காட்சிதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த மயக்கத்தில் பாதி குறைந்துவிடுகிறது. ஆகவே கேட்பதற்கு நான் எடுப்பது புடோக்கான் பதிவையே.

விளையாட்டு நினைவென்று வந்தால் என் ஓட்டு வெம்ப்ளிக்கு. புடோக்கானில் 1976-இல் முகமது அலியும் மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியும் மோதியபோது, இனோக்கி 15 சுற்றுகளில் பெரும்பகுதியைத் தரையில் படுத்தபடி அலியின் கால்களை உதைத்தே கழித்தார். அது சமனில் முடிந்ததும், அத்தனை ஒழுங்கான அரங்கின் பார்வையாளர்களே மேடையை நோக்கிக் குப்பையை வீசினார்கள்.