ஓர்வியேத்தோ: வழிகாட்டியுடன் சென்ற நடைப்பயணம்

இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில், எரிமலைச் சாம்பல் இறுகி உருவான செங்குத்துப் பாறையின் உச்சியில் அமைந்துள்ள ஓர்வியேத்தோ நகரை, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் நடந்தே சுற்றிப் பார்த்தோம். தனியாகச் சென்றிருந்தால் பாதியைத் தவறவிட்டிருப்போம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மனத்தை விட்டு அகலாதது புனித பாட்ரிக் கிணறுதான். 1527இல் ரோம் சூறையாடப்பட்ட பின் இங்கே அடைக்கலம் புகுந்த திருத்தந்தை ஏழாம் கிளமெண்ட், முற்றுகை நேர்ந்தாலும் நகருக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டுமென்று, கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ தா சங்கல்லோவைக் கொண்டு இதை வடிவமைக்கச் செய்தார். பணி நிறைவுற்ற 1537இல் திருத்தந்தை உயிருடன் இல்லை. சுமார் 53 மீட்டர் ஆழமுள்ள இக்கிணற்றில், ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு சுருள் வழிகள், ஒவ்வொன்றிலும் 248 படிகளுடன் சுற்றி இறங்குகின்றன. நீர் எடுக்க இறங்கும் கோவேறு கழுதைகளும் சுமையுடன் ஏறுபவையும் எதிர்ப்படாதிருக்கவே இந்த ஏற்பாடு. உட்சுவரின் சாளரத்தில் நின்று பார்த்தபோது, எதிர்ச்சாளரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு சிறுமி கையசைத்தாள். அவள் எந்தப் படியிலும் எங்களைக் கடந்து செல்லவில்லை.

ரோமானியருக்கு முன் இப்பகுதியில் வாழ்ந்த எத்ருஸ்கர் காலம் தொட்டுக் குடையப்பட்ட நிலவறைகளையும், அவற்றின் சுவர்களில் வரிசையாக அமைந்த புறாக்கூடுகளையும் வழிகாட்டி பொறுமையாக விளக்கினார்.

1290இல் அடிக்கல் நாட்டப்பட்ட பேராலயத்தில்தான் எனக்குக் குறை. லூகா சிஞ்ஞொரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய இறுதித் தீர்ப்புச் சுவரோவியங்களுக்குக் கால் மணி நேரம் மட்டுமே ஒதுக்கினார்கள். அவ்வோவியங்கள் உள்ள சிற்றாலயத்துக்காக மறுநாள் காலையில் மீண்டும் சென்றோம்.