லான்ட்மாஸ்டரில் போகும் மூளைக்கு எந்த மருந்து?

இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே மாமா வரம்பு கட்டிக்கொண்டிருந்தபோது மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழும்பவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பாரிசவாதம் (ஸ்ட்ரோக்). லான்ட்மாஸ்டரில், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், ஏற்றித் தார் வீதிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அம்புலன்ஸ். முதல் வைத்தியசாலையில் ஸ்கான் வசதி இல்லை, அடுத்ததற்கு மாற்றினார்கள். ஸ்கான் முடிந்தபோது ஐந்து மணித்தியாலம் கடந்திருந்தது. மூளைக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை நாலரை மணித்தியாலம்.

அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து மச்சான் வட்ஸ்அப்பில் மூளையைக் காக்கும் மருந்துகளின் பெயர்களை வரிசையாக அனுப்பி, இவற்றில் ஒன்றையாவது ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இருக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன்.

மடை அடைபட்ட வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பயிர் கருகிவிட்டது. சுற்றிவர உள்ளது வாடிக்கொண்டிருக்கிறது, இன்னும் சாகவில்லை. பாரிசவாதத்தில் மூளையும் அப்படித்தான். பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் போகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. கட்டி கரைக்கும் ஊசி மடையைத் திறக்கிறது. ஆனால் வந்திருப்பது அடைப்பல்ல, இரத்தக்கசிவு என்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். அதனால் ஸ்கான் இல்லாமல் அதைத் தொட முடியாது. காப்பு மருந்தின் வேலை வேறு: தண்ணீர் வரும்வரை வாடிய பயிரைத் தாக்குப்பிடிக்க வைப்பது. கசிவுக்கும் கெடுதல் செய்யாத ஒன்று கிடைத்தால், ஸ்கானுக்குக் காத்திராமல் வழியிலேயே கொடுக்கலாம். வன்னியில் இருப்பவனுக்கு இந்த மருந்துகள் மீது ஆசை வருவது இதனால்தான். நானும் அந்தக் கண்ணோடுதான் ஒவ்வொரு பரிசோதனையையும் பார்த்தேன்.

அந்தக் கண்ணுக்கு முதலில் பட்டது மக்னீசியம். மலிவான சரக்கு, பிரசவ விடுதிகளில் ஏற்கெனவே பழகியது. லொஸ் ஏஞ்சலிஸில் 1,700 நோயாளருக்கு, வருத்தம் தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் அம்புலன்ஸிலேயே ஏற்றத் தொடங்கினார்கள். பாதிப் பேருக்கு மக்னீசியம், பாதிப் பேருக்குப் போலி மருந்து. நாலில் மூன்று பங்கினருக்கு முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. பின்னர் ஸ்கானில் பார்த்தால் ஏறத்தாழ 23 வீதத்தினருக்கு இரத்தக்கசிவு. ஆனாலும் பாதகம் இல்லை. வன்னிக்கென்றே வெட்டித் தைத்த சட்டை போன்ற திட்டம். 2015இல் முடிவு வந்தது: மூன்று மாதம் கழித்து இரு பக்கத்தாரின் ஊனமும் ஒரே அளவு. மருந்து தோற்றது. ஆனால் ஓடும் வண்டியில் வைத்து ஒழுங்காக ஒரு பரிசோதனையை நடத்த முடியும் என்பதைக் காட்டிவிட்டுத்தான் தோற்றது. மற்ற எந்தத் தோல்வியையும் விட இது எனக்கு மதிப்பானது.

நெரினடைட் என்ற மருந்து நேரெதிர். பணக்காரப் பிள்ளை. 2020இல் வெளியான ஆய்வில் 1,105 பேர். எல்லோருமே குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் பெரிய வைத்தியசாலைகளின் நோயாளர். நல்ல நிலைக்குத் திரும்பியவர்கள் 61.4 வீதம், போலி மருந்துப் பக்கத்தில் 59.2. வித்தியாசம் என்று சொல்லக்கூடியதல்ல. ஆனால் கட்டி கரைக்கும் ஊசி போடாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பயன் தெரிந்தது. காரணமும் பொருத்தமாக இருந்தது: அந்த ஊசி உடலில் கிளப்பிவிடும் பிளாஸ்மின், நெரினடைட்டை வெட்டிப்போடுகிறது. ஊசி கிடைக்காத மாமாவுக்கு இதுவே மருந்து என்று நானும் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு ஊசி போடாதவர்களிடம் மட்டும் தனியாகச் சோதித்தார்கள், பயன் மறைந்துவிட்டது. கனடாவில் அம்புலன்ஸிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தக் கணக்கில் அங்கும் வெற்றியில்லை. மச்சானின் ஊருக்கே கைகொடுக்காத மருந்தை நாங்கள் எங்கே தேடுவது?

பட்டியலில் இருந்த சிட்டிகோலின் என்ற மருந்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 2012இல் 2,298 பேரிடம் சோதித்துப் பயனில்லை என்று தெரிந்த பின்னும் பல நாடுகளில் தாராளமாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. கெடுதல் பெரிதாக இல்லை, காசுதான் போகும்.

இப்போது உண்மையில் போட்டியில் நிற்பவை இரண்டு. ஒன்று, எடராவோனும் டெக்ஸ்போர்னியோலும் சேர்ந்த சீன மருந்து. அதன் நாக்குக்குக் கீழ் வைக்கும் வில்லையை 914 பேரிடம் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். பெரிய குறையின்றித் தேறியவர்கள் 64.4 வீதம், போலி வில்லையில் 54.7. இந்தத் துறையில் இது பெரிய இடைவெளி. விழுங்க முடியாமல் புரையேறும் நோயாளருக்கு நாக்கின் கீழ் கரையும் வில்லை மிகவும் தோதானது; கிராமத்து வைத்தியசாலையிலும் கொடுக்கலாம். ஆனால் எல்லாமே ஒரே நாட்டு நோயாளர். ஸ்கானில் அடைப்பென்று உறுதியான பிறகு, 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கியது, வழியிலேயே கொடுத்ததல்ல.

மற்றது மருந்தே இல்லை: பிரஷர் பார்க்கும் பட்டி. கையை ஐந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தி, ஐந்து தடவை. கையில் இரத்தம் தட்டுப்பட்டால் உடல் மூளையையும் காக்கத் தயாராகும் என்பது எண்ணம். சீனாவில் 1,776 பேரிடம் நாளுக்கு இரு தடவையாக 10 முதல் 14 நாள் செய்தபோது 67.4 வீதத்தினர் தேறினார்கள், செய்யாதவர்களில் 62. டென்மார்க்கில் 1,500 பேரிடம் அம்புலன்ஸிலேயே தொடங்கியபோது பயனில்லை. டென்மார்க்கில் மற்றப் பக்கத்தாருக்கும் பட்டியைச் சுற்றி, இலேசாக மட்டும் இறுக்கினார்கள். சீனாவில் அப்படிப் போலிப் பட்டி இல்லை, யாருக்குச் செய்கிறார்கள் என்பது நோயாளருக்குத் தெரியும். என் சந்தேகம் அங்கேதான்.

எலியில் வென்றதெல்லாம் மனிதனில் ஏன் தோற்கிறது என்றும் மச்சான் கேட்டிருந்தார். எலிகள் இளசு, நோயற்றவை; மாமாவுக்கு 67 வயது, சீனி வருத்தம் வேறு. போதாததற்கு எலி பகலில் தூங்கும் பிராணி. ஆய்வுகூடத்தில் பகலில் அடைப்பு உண்டாக்கினால் அது தூங்குகிற மூளையில் நடக்கிறது; நமக்கோ வரம்பு கட்டும்போது வருகிறது. அந்த நேர வித்தியாசமே சில காப்பு மருந்துகளின் பலனைத் தீர்மானிக்கிறது என்று 2020இல் காட்டினார்கள். அமெரிக்காவில் முதிய, பருத்த, இரத்த அழுத்தமுள்ள விலங்குகளையும் சேர்த்து 2,615 எலிகளிலும் சுண்டெலிகளிலும் ஆறு சிகிச்சைகளை மோதவிட்டபோது கடைசிவரை நின்றது யூரிக் அமிலம் மட்டும். பட்டி இறுக்கும் முறையும் அந்த ஆறில் ஒன்று.

என்னைக் கேட்டால், மக்னீசியத்தின் பரிசோதனைத் திட்டத்துக்குள் அந்த நாக்கடி வில்லையை வைத்து, வன்னியை ஊடறுத்துப் போகும் ஏ9 வீதியில் ஓடும் அம்புலன்ஸ்களில் சோதிக்க வேண்டும். கசிவுள்ளவருக்கு அது பாதகமா என்பதை முதலில் பார்த்துவிட்டு.

மச்சான் மருந்துக்கென்று அனுப்பிய காசில் வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்கினோம். முதல் நாள் மாமாவுக்குக் கட்டியபோது மேல் எண் 190. இரண்டு வருடமாகக் கிளினிக் குளிசைகளை அவர் விழுங்காமல் நெல் மூட்டைக்குப் பின்னால் போட்டுவந்தார் என்பது அன்றைக்குத்தான் மாமிக்குத் தெரிந்தது.