பற்ற மறுத்த பெல்லட் அடுப்பு: கும்பகோணத்துச் சிற்றுண்டிக் கடையிலிருந்து ஒரு மதிப்பீடு

சிலிண்டர் செலவைக் குறைப்பதற்காக எங்கள் கடையில் வைத்த, காற்றாடியும் தானே பற்றவைக்கும் கம்பியும் கொண்ட பெல்லட் (உமி, மரத்தூள் போன்றவற்றை அழுத்திச் செய்த சிறு எரிகட்டி) அடுப்பு, கோடை முழுவதும் இட்லிக் கொப்பரையையும் சாம்பார் அண்டாவையும் அதிகப் புகையின்றிக் கொதிக்க வைத்தது. ஐப்பசி அடைமழை தொடங்கியதும் பற்ற மறுத்தது.

விற்றவர்கள் அனுப்பிய ஆள் மின்பலகையை மாற்றச் சொன்னார். அவர் அடுப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. டெல்டாவில் எளிதில் கிடைப்பது நெல் உமி பெல்லட்; உமியின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு சாம்பலாகிறது, அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது கட்டிதட்டி எரிகிண்ணத்தின் துளைகளை அடைத்துவிட்டால், கம்பி சிவந்தாலும் காற்று போதாமல் புகை மட்டுமே எழும். மின் இணைப்பைத் துண்டித்து, அடுப்பு நன்கு ஆறிய பின் துளைகளைக் கம்பியால் குத்திச் சாம்பலை வழித்ததும் எங்கள் அடுப்பு பற்றியது.

ஆயினும் தீ தளர்வாகவே இருந்தது, காரணம் ஈரம். மூட்டையைத் தரையில் வைத்தால் பெல்லட் ஈரத்தை உறிஞ்சி ஊதி உதிர்கிறது, அந்தத் தூள், பெல்லட்டை எரிகிண்ணத்துக்குள் தள்ளும் திருகாணியையும் அடைக்கிறது. உதிர்ந்ததை வெயிலில் காய வைத்தாலும் பழைய இறுக்கம் வராது. பற்றவில்லையே என்று மண்ணெண்ணெய் ஊற்றுவது ஆபத்து.

அடுப்பு நல்லது, அன்றாடம் சாம்பல் அள்ள ஆள் இருந்தால். விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு அந்தப் பாராட்டு பொருந்தாது.